எல்லாக் கோடும் போய்ச் சேர்ந்த இடம்

பதினாறு நாள் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். எனக்குத் தெரியும், என் வயதுக்காரிகள் பாதிப் பேருக்கு மேல் தூக்குவீர்கள். தோள்வலியால் தூக்க முடியாதவர்கள் தலையையாவது ஆட்டுவீர்கள். நாம் யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள், பச்சை முட்டையை வாயில் ஊற்றினார்கள், புதுச் சேலை எடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு அந்தப் பதினாறு நாள் ஐந்து மாதமாக நீண்டது. அந்த ஐந்து மாதத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வீடு பழைய துறைமுகத்தின் பக்கம், சரக்குக் கிட்டங்கிகள் நிறைந்த ஒரு தெருவில் இருந்தது. அப்பாவுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். வீட்டுக்குள் எந்த மூலையில் நின்றாலும் கருப்பட்டி வாசம் அடிக்கும். வாசலுக்கு வந்தால் அதை அமுக்கிக்கொண்டு எதிர்க் கிட்டங்கியின் சங்கு நாற்றம் வரும். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சங்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பெரிது சிறிது பார்த்துப் பிரித்து, கல்கத்தாவுக்கு வளையல் செய்ய அனுப்புவார்கள். மழை பெய்தால் அந்த நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிடுவாள். ஆனால் ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டதில்லை.

வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். வாசலில் மூன்று படி ஏறினால் பட்டாசல், அதாவது முன்கூடம். அதற்கடுத்து ரெண்டாம் அறை. அதற்கும் உள்ளே அரங்கு வீடு. ஜன்னல் கிடையாது. கருப்பட்டிச் சிப்பங்களையும் பித்தளைப் பாத்திரங்களையும் அடுக்கி வைக்கிற இருட்டறை. எல்லா அறையின் கதவுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்தில் என்னைக் கொண்டுபோய் அந்த அரங்கு வீட்டில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். வாசலுக்குக் குறுக்கே உலக்கையைப் போட்டார்கள். எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். யாரையும் தொடக் கூடாது.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, சடங்கு முடிந்து, ஊரெல்லாம் சாப்பிட்டுப் போன மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடப் பையை எடுத்தேன். அத்தை அதைக் கையிலிருந்து வாங்கிப் பரணில் போட்டாள்.

“இனிமே என்னளா பள்ளிக்கூடம்? அடுத்த வருசம் எவன் வீட்டுக்கோ போவப் போற.”

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலி அறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அன்றைக்கு எனக்கு அம்மாமேல் வந்த ஆத்திரம் அத்தைமேல்கூட வரவில்லை.

உலக்கையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆண்கள் வீட்டில் இருக்கும்போது ரெண்டாம் அறையைத் தாண்டக் கூடாது. வாசல் பக்கம் எப்போதுமே கிடையாது. பகல் முழுக்க அரங்கு வீட்டுப் பாய்தான். கருப்பட்டிச் சிப்பங்களில் எறும்பு ஏறும். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிய காரியம்.

வரைவதற்கு எனக்கு ஏற்கெனவே ஆசை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஒரு நாள் மேசைமேல் ஒரு பெஞ்சைத் தூக்கி வைத்து வரையச் சொன்னார். வகுப்பே ஒன்றுபோல் வரைந்தது. மேல்பலகை முழுச் செவ்வகம், நான்கு கால்களும் ஒரே நீளம். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். “பெஞ்சுக்கு நாலு கால்னு எனக்கும் தெரியும். உங்க கண்ணுல எத்தனை கால் விழுது? எந்தக் கால் குட்டையா விழுது? அதைப் போடுங்க” என்றார். மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு நான் போகவே இல்லை.

எனக்கு ஒரு தோழி இருந்தாள். கடற்கரைத் தெரு, வேதக்காரப் பெண். அப்பா தோணியில் கொழும்புக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் தலையில் முக்காட்டோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பெண்பிள்ளை என்பதால் அத்தை விட்டுவைத்தாள். அவள்தான் டீச்சரிடமிருந்து பழைய பரீட்சைத் தாள்களை வாங்கிக்கொண்டு வருவாள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

“ஏளா, டீச்சர் ஒண்ணு சொல்லச் சொன்னாவ. உக்காந்த எடத்த விட்டு அசையாம, எதிர்த்தாப்ல இருக்க ரூம வரையணுமாம். எங்க வீட்டுல நான் குசினிய வரைஞ்சேன். அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல உக்கார விடுதாங்களா? தண்ணி எடு, மீன் கழுவுன்னு எழுப்பி விட்டுருதாங்க. நீதான் கொடுத்து வச்சவ!”

அவளை அடிக்கலாமா என்று இருந்தது. பிறகு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் அவள் சொன்னது உண்மைதான். அந்தப் படிப்புக்கு வேண்டியது ஒரே இடம், ஒரே கண். அது என்னிடம் வண்டி வண்டியாக இருந்தது. முதலில் உலக்கையைத்தான் வரைந்தேன். ரெண்டாம் அறைத் தரையில், பூண் என் பக்கம் பார்க்கக் கிடந்தது. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, கையை நீட்டி, ஒற்றைக் கண்ணால் அளந்தேன். ஆள் உயர உலக்கை என் கண்ணுக்கு ஒரு சாண்கூட இல்லை. நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப அளந்தேன். அப்படியே போட்டேன். அம்மா பார்த்துவிட்டுப் பதறினாள்.

“என்னளா, உலக்கைய ஒடிச்சுப் போட்டிருக்க? சடங்கு கழிஞ்ச வீட்டுல இப்பிடியா வரைவாக?”

“ஒடிக்கலம்மா. அது நம்மள பாத்துக் கெடக்கு. அதான்.”

அம்மா குனிந்து உலக்கையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அன்று மாலை அவள் உலக்கையைத் திருப்பிச் சுவரோரமாகப் போட்டிருந்தாள். முழு நீளமும் தெரிகிற மாதிரி.

அடுத்து அறைகள். டீச்சர் சொல்லி அனுப்பியது, தூரம் போகப் போகத் தரைக் கோடும் கூரைக் கோடும் நெருங்கிக்கொண்டே போய் ஒரே புள்ளியில் சேருமாம். அந்தப் புள்ளி வரைகிறவள் கண்ணுக்கு நேராக இருக்குமாம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாம். எனக்கு ஒரு வாரம் அது பிடிபடவே இல்லை. இப்போது இங்கே இருக்கும், கொஞ்சம் குனிந்தால் வேறு எங்கோ போயிருக்கும். கண்ணாமூச்சி காட்டிற்று. ஒரு நாள் காய்ச்சல், தலையைத் தூக்க முடியாமல் பின்சுவரில் சாய்ந்து கிடந்தேன். தலை அசையாததால் வீடும் அசையவில்லை. கடப்பாக்கல் தரையின் இடுக்குகள், கூரைக் கட்டைகளின் நுனிகள், கதவு நிலைகளின் மேல்முனைகள், எல்லாம் பட்டாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி ஒரே புள்ளிக்கு ஓடின. ஒரே தச்சன் ஒரே அளவில் செய்த மூன்று கதவு நிலைகளும் டப்பாவுக்குள் டப்பாவாக ஒன்றுக்குள் ஒன்று இருந்தன. அப்பா கை தூக்கினாலும் எட்டாத வாசல் நிலை என் சுண்டுவிரல் உயரத்துக்குள் அடங்கிற்று. காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். அத்தை வந்து திருநீறு போட்டுவிட்டுப் போனாள்.

புரட்டாசியில் தோழி ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்தாள். கவர்மெண்ட் டிராயிங் பரீட்சை. கார்த்திகையில் நடக்கும். பள்ளிக்கூடத்தை விட்டவர்களும் எழுதலாம். அது பாஸானால் அடுத்தது, அதுவும் பாஸானால் டிராயிங் டீச்சர் ஆகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே போக ஒரு வழி இருக்கிறது, அது என் கையாலேயே ஆகும், அவ்வளவுதான் என் மண்டையில் ஏறிற்று. ஒரு கையெழுத்து வேண்டும். அப்பா போடவேண்டும்.

அப்பா கெட்டவர் இல்லை. கடையில் எல்லோருக்கும் நல்ல அண்ணாச்சி. சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்துக் கேட்டேன். பல் குத்திக்கொண்டே யோசித்தார்.

“ஒரு நாள் பரிச்சைதானா?”

“ஒரே நாள்தாம்பா. அம்மா கூட வரட்டும்.”

“சரி, என்ன வரையுதேன்னு முதல்ல காட்டு. பாத்துட்டுப் போடுதேன்.”

அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அரங்கு வீட்டிலிருந்து தெரு வரைக்கும் முழு வீட்டையும் வரைந்தேன். தாளைப் பலகையில் ஒட்டி, கோடுகள் சேர்கிற புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, அதில் நூல் கட்டி, நூலை இழுத்துப் பிடித்து ஒவ்வொரு கோடாகப் போட்டேன். பட்டாசல் ஊஞ்சல், கொடியில் அப்பாவின் துண்டு, பித்தளைச் செம்பு, எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. டீச்சர் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்: தூரத்தில் ஓர் ஆளைப் போடு, அப்போதுதான் கதவு எவ்வளவு பெரிது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

தூரத்தில் ஓர் ஆள் இருந்தான். எதிர்க் கிட்டங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சங்கு பிரிக்கிற இளவட்டம். வட்ட ஓட்டை போட்ட பலகை ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சங்காக அதில் விடுவான். ஓட்டை வழியே விழுந்தால் சிறிசு, நின்றால் பெரிசு. நாள் முழுக்க அதுதான். அவன் முகம் எனக்குத் தெரியாது. என் கண்ணுக்கு அவன் ஓர் உளுந்து அளவு. தலை, நெஞ்சு, குனிந்த முதுகு. அசையாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று அவனைப் போட்டேன். சத்தியமாக அதற்குமேல் ஒன்றுமில்லை.

படத்தை அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “ஏ, நம்ம ஊஞ்சல்! என் துண்டு!” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பேனாவை எடுக்கச் சட்டைப்பைக்குக் கை போயிற்று. அப்போதுதான் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அத்தை ஊஞ்சலைப் பார்க்கவில்லை. தரைக் கோட்டில் விரலை வைத்து அது போகிற பக்கமே நகர்த்திக்கொண்டு போனாள். அடுத்து கூரைக் கோடு. அடுத்து கதவு நிலை. மூன்று தடவையும் விரல் ஒரே இடத்தில் போய் நின்றது.

“ஏலே தம்பி, இங்க பாரு. எல்லாக் கோடும் அந்தச் சங்குக் கிட்டங்கிக்காரன்கிட்டல்லா போவுது!”

அப்பா பார்த்தார்.

“அவன் நெஞ்சுலதான் போய் நிக்கி. ஊசி வேற குத்தி வச்சிருக்கா. ஓட்டை தெரியுது பாரு. ஒரு கோடாவது நம்ம சாமி படத்துக்குப் போவுதா? பெத்த அப்பன் உக்காருற ஊஞ்சலுக்குப் போவுதா?”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதை அடக்குவதற்குள் அப்பா முகம் மாறிவிட்டது. அவன் எங்கள் ஆட்கள் இல்லை. அது ஒன்று போதும். நான் படபடவென்று பேச ஆரம்பித்தேன்.

“அப்பா, அது அப்பிடித்தாம்பா போவும். நம்ம கண்ணு எங்க இருக்கோ அதுக்கு நேராப் போவும். யாரு உக்காந்தாலும் போவும். நீங்க வேணா இங்கன வந்து உக்காந்து பாருங்க. தலைய சுவத்தோட ஒட்டி வச்சுக்கிட்டுப் பாருங்கப்பா!”

அப்பா என்ன நினைத்தாரோ, எழுந்து வந்தார். அரங்கு வீட்டுக்குள் நுழைந்து என் பாயில் உட்கார்ந்தார். அவர் கட்டின வீடு. அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று இப்போது நினைக்கிறேன். தலையைச் சுவரோடு ஒட்டினார். நான் பக்கத்தில் மண்டியிட்டு, “தரைக் கோட்ட பாருங்க, இப்பம் கூரைய பாருங்க” என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் கண் நான் சொன்ன வழியே போயிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல?

அப்பா என்னைவிட உயரம். எனக்கு நெஞ்சாக இருந்தது அவர் கண்ணுக்கு முகமாக இருந்திருக்க வேண்டும்.

“அந்தப் பய மூஞ்சி இங்க இருந்து நல்லாத்தான் தெரியுது” என்றார்.

எழுந்தார். ரெண்டாம் அறைக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். பாரத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்து, “அடுப்புல போடு” என்றார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் தோழி சொன்னாள், அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். அப்பா கிட்டங்கி முதலாளியிடம் போய் இரண்டு வார்த்தை பேசினாராம். எதற்காக நிறுத்தினார்கள் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சாகுபுரம் பாக்டரிப் பக்கம் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று பிறகு யாரோ சொன்னார்கள். அது நிஜமாக இருக்கட்டும் என்று இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். அவனை அந்தத் தாளில் இழுத்துவந்து உட்காரவைத்தது நான்தானே.

கதவு சாத்திய பிறகு வரைய ஒன்றும் இல்லை. சாத்திய கதவு வெறும் பலகை. பகலிலும் சிம்னி விளக்கு. எழுந்து நடமாடுவதுகூடக் குறைந்துபோனது. யாராவது கதவைத் திறந்தால் கண் கூசிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கயத்தாறிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பெண் ரொம்ப அடக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. அப்பா கருப்பட்டி எடுக்க ஓட்டப்பிடாரம் போயிருந்தார். அத்தை சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போடச் சிவன் கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா வந்து கொண்டியை எடுத்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு காகிதம்.

“எந்திரிளா. பரிச்சைக்கு நேரமாச்சு.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா பாரத்தை அடுப்பில் போடவே இல்லை. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, தனக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தையை, தன் பெயரை, அப்பா போடவேண்டிய இடத்தில் போட்டு, தோழி கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நம்பர் போட்ட சீட்டு வந்துவிட்டது. பலகை, பென்சில், ரப்பர், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்துவைத்திருந்தாள்.

“அப்பாக்குத் தெரிஞ்சா?”

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ நட.”

நடந்தேன். ரெண்டாம் அறை, பட்டாசல், ஊஞ்சல். கடப்பாக்கல் காலுக்குச் சில்லென்று இருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன். தெருவில் மாட்டுவண்டிகள், மூட்டைகள், வெயில். எதிரே அதே ஸ்டூலில் வயதான ஒருவர் உட்கார்ந்து பலகையில் சங்கை விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் பார்த்தார், மறுபடி சங்கைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

தெரு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மூன்று படிதான், இறங்கியிருக்கலாம். அம்மா ஏற்கெனவே தெருவில் இறங்கி நின்றாள்.

“வயிறு வலிக்கிம்மா.”

“நெசமாவா?”

“ஆமா.”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெயிலில் அவள் நெற்றிக் குங்குமம் கரைந்துகொண்டிருந்தது. படியேறி வந்தாள். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே போனேன். ரெண்டாம் அறைக் கதவை நானேதான் சாத்தினேன்.

தை மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு, நீ ஏன் மேலே படிக்கவில்லை என்று யார் கேட்டாலும், “பரிச்சைக்கு எங்கப்பா விடல” என்று சொல்லிவிடுவேன். புருஷனிடம் சொன்னேன். பிள்ளைகளிடம் சொன்னேன். உங்களில் பலரிடமும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் உச்சுக் கொட்டியிருக்கிறீர்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது பழகிவிட்டது. அப்பா காதுபடவும் சொல்லியிருக்கிறேன். அம்மா பாரம் போட்டதோ, நான் படி வரைக்கும் போனதோ அவருக்குக் கடைசிவரை தெரியாது. கண் மங்கி, கடையை மூடி வீட்டோடு இருந்த காலத்தில் ஒருநாள் என் மகள் வரைந்த ஏதோ ஒரு படத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்ன அன்னைக்கு விட்டிருக்கணும்மா. நாந்தான் கெடுத்துட்டேன்” என்று அழுதார்.

நான், “போட்டும்ப்பா, பழைய கதை” என்று பெரிய மனசோடு சொன்னேன். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு காலிக் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.